மண்ணைப் படித்தவனுக்கு மண் எங்கே?

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நம் கல்வியாளர் சிலருடைய குரலிலே ஒருவகைப் பக்திப் பரவசம் ஏறிவிடுகின்றது. நுழைவுப் பரீட்சை கிடையாது, கட்டணம் சொற்பம், வாசல் எல்லார்க்கும் திறந்திருக்கின்றது, பழத்தோட்டத்திலே கூலிக்குப் பழம் பறிப்பவனின் பிள்ளை இரண்டே வருடங்களில் 'கமத்தொழில் உற்பத்தி' என்னும் பாடநெறியை முடித்துத் தகுதிப் பத்திரத்தோடு வெளியேறுகின்றது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று காலமெல்லாம் சொல்லி வந்தோமே, இதோ கறிக்கு உதவும் சுரைக்காய்! இதனை இங்கும் நட்டால் என்ன?" என்று, முற்போக்காளரெனத் தம்மைக் கருதும் ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் எம்மைக் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்கப்பட்ட கேள்வி. ஆகையால் விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டியிருக்கின்றது.

சுரைக்காயை வளர்க்கும் வித்தையைக் கற்பிக்கும் அக்கல்லூரி, சுரைக்கொடி படரும் நிலம் யாருடையது என்ற கேள்வியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தி வைக்கின்றது. இது மறதியால் நேர்ந்த பிழையன்று. அக்கேள்வி உள்ளே வருமானால் பாடநெறியே வேறொன்றாகிவிடும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இக்கல்லூரிகளின் தோற்றத்திலே உண்மையான சனநாயக அம்சம் ஒன்று இருந்தது. 1901இல் இல்லினோய் மாநிலத்து ஜோலியட் நகரிலே தொடங்கப்பட்ட கல்லூரியே இவ்வகையில் இன்றுவரை இயங்குவனவற்றுள் மூத்ததெனக் கொள்ளப்படுகின்றது. கலிபோர்னியா மாநிலம் 1907இல் ஒரு சட்டமியற்றி, உயர்தரப் பாடசாலைகள் தம் மாணவருக்கு மேற்படிப்பும் அளிக்கலாமென வழிவிட்டது. அதன் பயனாக 1910இல் பிறெஸ்னோ என்னும் கமத்தொழில் நகரில் அம்மாநிலத்தின் முதற் கல்லூரி எழுந்தது. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரை நாடு முழுவதற்கும் உரியதாக்கிற்று. கலிபோர்னியாவிலே 1984 வரை மாணவரிடம் படிப்புக்கென்று கட்டணமே அறவிடப்படவில்லை. பின்னர் அது படிப்படியாக ஏறி அலகொன்றுக்கு 46 டொலர் ஆயிற்று. இரண்டு வருடப் பட்டயத்துக்குரிய 60 அலகுகளுக்கும் 2,760 டொலர். வறியோர் பலருக்கு அதுவும் தள்ளுபடி. வைத்தியமும் பொறியியலும் தவிர மற்றெல்லாம் படிப்பே அல்ல என்று நினைக்கும் நம் யாழ்ப்பாணத்து உத்தியோக மோகத்தோடு ஒப்பிட்டால், முழங்காற் சேற்றோடு பரீட்சை எழுதும் அம்மாணவனை வணங்கத்தான் வேண்டும். நம் வழக்கு அவனோடு அன்று.

ஆனால் 'திறந்த வாசல்' என்பதன் உட்பக்கத்தைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். பேர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலாளர் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்துக் கல்லூரியொன்றை ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியவை. அவர் நம்மைப் போன்ற இடதுசாரியல்லர். கண்டதைப் பதற்றமின்றிச் சொன்னவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறும் ஆசையோடு எல்லாரும் உள்ளே வருகின்றனர். சோதனைகளாலும், ஆலோசகரின் இனிய வார்த்தைகளாலும், மதிப்பெண் பதிவேட்டாலும், 'இது உனக்குப் பொருந்தாது. அதோ அந்த இரண்டு வருடப் பாடநெறி உனக்கென்றே அமைந்தது' என்று பலர் மெல்ல மெல்லத் திருப்பப்படுகின்றனர். இதனை அவர் 'சூடு தணித்தல்' என்றார். சூதாட்டத்தில் ஏமாற்றப்பட்டவன் கூச்சலிடாதபடி அவனருகே இருந்து தேற்றி அனுப்பும் மோசக்காரரின் குழூஉக்குறி அது. முக்கியமான விடயம், தேற்றப்பட்டவன் ஏற்பாட்டைக் குறை கூறாமல் தன்னையே குறை கூறிக்கொண்டு செல்வதாகும்.

கமத்தொழில் வகுப்பிலே இந்தச் சூடு தணித்தல் இன்னுமொரு படி கீழே நடைபெறுகின்றது. கமக்காரனாக வேண்டும் என்று வந்தவன், கமக்காரனுக்கு வேலை செய்பவனாக வெளியே போகின்றான்.

அங்கே கற்பிக்கப்படுவது என்ன? மண்ணியல், தாவரவியல், நீர்ப்பாசனம், பீடைக் கட்டுப்பாடு, கால்நடை வளர்ப்பு, உழவு இயந்திரப் பராமரிப்பு, பண்ணைக் கணக்கு. எல்லாம் பயனுள்ளவை, செய்து கற்பவை. பிறெஸ்னோவுக்கு அண்மையிலே திராட்சையும் பீச்சும் தோடையும் விளையும் றீட்லி என்ற சிற்றூரில் 1926இல் தோன்றிய கல்லூரிக்குப் பெரும் பண்ணையே சொந்தமாக இருக்கின்றது. மாணவர் அதில் நட்டு, கவ்வாத்து வெட்டி, அறுவடை செய்து பழகுகின்றனர். நம் நாட்டின் எத்தனை பாடசாலைகளிலே கமத்தொழிற் பாடத்துக்கு ஒரு பாத்தியாவது உண்டு என்று எண்ணிப் பார்க்கையில் பொறாமைதான் வருகின்றது.

ஆயினும் 'உற்பத்தி' என்ற அச்சொல்லைச் சற்று நிறுத்தி விசாரிப்போம். உற்பத்திச் சக்திகள் வேறு, உற்பத்தி உறவுகள் வேறு என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பாடநெறியின் தலைப்பிலுள்ள 'உற்பத்தி' முதலாவதை மட்டுமே குறிக்கும் பாதிச் சொல். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்று நம் கிழவர்கள் சொன்னார்கள். அங்கே உழுதவனுக்குக் கணக்குப் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கின்றார்கள், ஆனால் எப்படி? பேரேட்டிலே குத்தகைக்கு ஒரு பத்தி, கூலிக்கு ஒரு பத்தி. குத்தகை என்பது மழை வெயில் போலச் சந்தையின் விதி; அதை யாரும் ஏனென்று கேட்பதில்லை. கூலியோ சிக்கனம் செய்து குறைக்கத்தக்க செலவு. கணக்கு வகுப்பின் மௌனமே ஓர் அரசியற் பாடம்.

அந்தப் பேரேட்டையே எடுத்துக்கொள்வோம். 2022இல் கலிபோர்னியாவில் கமநிலத்தின் சராசரி விலை ஏக்கருக்கு ஏறத்தாழ 12,000 டொலர். இரண்டு வருடப் படிப்பின் முழுக் கட்டணமும் கால் ஏக்கர் நிலத்துக்கு விலையாகாது. நாற்பது ஏக்கர் வாங்க நினைக்கும் கூலிக்காரன் மகனுக்கு நாலு இலட்சத்து எண்பதினாயிரம் டொலர் வேண்டும். கிணறும் இயந்திரமும் நாற்றும் அதன்மேல். கல்வியை மலிவாக்கி நிலத்தை எட்டாக்கனியாக்கிய பின்னர், 'இளைஞர் கமத்தொழிலை வெறுக்கின்றனர்' என்று கண்ணீர் விடுவோரும் உண்டு. அதே 2022இன் கமத்தொழிற் குடிமதிப்பு அமெரிக்கக் கமக்காரரின் சராசரி வயது 58.1 என்று கூறிற்று. இளைஞன் வெறுத்தானா, வாசலில் நிறுத்தப்பட்டானா?

நிலம் யாருடையது என்பதனால் விளைச்சலில் மட்டுமன்றி ஊரிலும் என்ன மாறுகின்றது என்பதை, அதே பள்ளத்தாக்கிலே ஒருவர் அளந்தே காட்டினார். கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கிலே மத்திய அரசாங்கம் பொதுப்பணத்தைக் கொட்டி அணைகளும் வாய்க்கால்களும் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1902ஆம் ஆண்டின் நிலமீட்புச் சட்டப்படி இத்தகைய திட்டத்தின் நீரை உடைமையாளன் ஒருவன் 160 ஏக்கருக்கு மாத்திரமே பெறலாம். மிகுதியான நிலத்துக்கும் நீர் வேண்டுமாயின், குறித்த காலத்துள் அந்நிலத்தை, நீர் வந்ததனால் ஏறிய மதிப்பைச் சேர்க்காத விலைக்கு விற்றுவிட ஒப்பமிட வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர்களை வைத்திருந்த பெருநிலக்காரர் இச்சட்டத்தைத் தமக்குப் பொருந்தாதபடி நீக்கிவிட முயன்றனர். அந்தச் சர்ச்சையின் நடுவே, 1944இல், கமத்தொழிற் பொருளியல் இலாகாவின் சார்பில் வால்ட்டர் கோல்ட்சிமிட் என்னும் இளம் மானிடவியலாளர் இரண்டு ஊர்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

ஒன்று டினுபா. நாம் சொன்ன றீட்லிக் கல்லூரிக்கு அயலூர். மற்றது தெற்கேயுள்ள ஆர்வின். இரண்டிலும் ஆண்டு விளைச்சலின் பெறுமதி ஏறக்குறைய ஒன்றே, சுமார் 25 இலட்சம் டொலர். டினுபாவிலே சராசரிக் கமம் 57 ஏக்கர். ஆர்வினிலே 497 ஏக்கர். வேறுபாட்டின் வேர் இதுவே. டினுபாவில் நாலு ஆரம்பப் பாடசாலைகளும் ஓர் உயர்தரப் பாடசாலையும் இருந்தன. ஆர்வினிலே ஒரேயோர் ஆரம்பப் பாடசாலை, உயர்தரப் பாடசாலை கிடையாது. டினுபாவிலே மூன்று பூங்காக்கள். ஆர்வினிலே ஒன்று, அதுவும் கம்பெனியொன்று இரவலாகக் கொடுத்த நிலம். டினுபாவுக்குப் பத்திரிகை இரண்டு, ஆர்வினுக்கு ஒன்று. டினுபா மக்கள் தம் நகர நிருவாகத்தைத் தாமே தெரிவு செய்தனர். ஆர்வினுக்கு அன்று நகரசபையே இல்லை. ஆர்வினில் உழைப்போருள் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கினர் வயலிற் கூலிக்கு வேலை செய்தவர்கள். டினுபாவிலே அத்தகையோர் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

விளைச்சல் ஒன்று, உடைமை வேறு. ஆகவே ஊர் வேறு. ஒரு கமத்தொழில் மாணவன் முதல் நாளிலே படிக்க வேண்டிய பாடம் இதுவல்லவா? பெருநிலக்காரரின் பத்திரிகைகள் கோல்ட்சிமிட்டைத் தூற்றின. பள்ளத்தாக்கின் ஏனைய ஊர்களுக்கும் விரிவதாக இருந்த ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதி அரசியல் நெருக்குதலால் நிறுத்தப்பட்டது. அறிக்கை 1946இல் செனற் சபைக் குழுவொன்றின் மூலமே வெளிவந்தது. அவ்வாராய்ச்சியை நடத்துவித்த இலாகாவும் 1953இல் ஒழிக்கப்பட்டது. 160 ஏக்கர் விதியோ பல பத்தாண்டுகள் ஏட்டிலே உறங்கியது. ஈற்றில் 1982இல் எல்லை 960 ஏக்கராக உயர்த்தப்பட்டது. நீர் பெறுபவன் நிலத்தருகே வாழ வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. அச்சட்டம் எழுதியவாறே நடைமுறைப்படுத்தப்பட்டிருந்தால், றீட்லியிலும் விசேலியாவிலும் படித்து வெளியேறிய கூலிக்காரரின் மக்கள் பலருக்கு மலிவு விலையிலே நீரோடு கூடிய நிலம் கிடைத்திருக்கும். நிலமில்லை என்பது இயற்கையின் பற்றாக்குறையன்று. பொதுப்பணத்தால் பாய்ந்த நீர் எவர் வயலுக்குப் போனது என்பதன் விளைவு.

"கல்லூரி அறிவைத்தானே தரும்? அறிவு நடுநிலையானது, நிலப்பிரச்சினை அரசியல்வாதிகளின் வேலை" என்று நண்பர் சொல்லக்கூடும். அறிவின் நடுநிலைக்கு ஒரு தக்காளியைச் சாட்சிக்கு அழைப்போம்.

சமுதாயக் கல்லூரியின் பாடப்புத்தகம் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து இறங்கி வருவது. அப்பல்கலைக்கழகங்களுக்கு அத்திவாரமிட்டது 1862ஆம் ஆண்டின் மொறில் சட்டம். பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தை விற்ற பணத்திலே நிலத்தைப் பற்றிய கல்வி பிறந்தது என்பதையும் போகிற போக்கில் குறித்து வைக்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலே தக்காளி பிடுங்கும் இயந்திரம் ஒன்று உருவாக்கப்பட்டது. இயந்திரத்தின் பிடிக்குக் கனிந்த தக்காளி நசுங்கும்; ஆகையால் நசுங்காத தடித்த தக்காளி இனமொன்றும் அங்கேயே உருவாக்கப்பட்டது. மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொணரும் திட்டம் 1964இல் முடிவடைந்ததும் இவ்வியந்திரம் வயல்களெங்கும் பரவிற்று. 1960களின் தொடக்கத்திலே ஏறத்தாழ 4,000 தக்காளிக் கமக்காரர் இருந்தனர். 1973இல் ஏறத்தாழ 600 பேரே எஞ்சினர். இயந்திரம் வாங்க முடிந்தவன் பிழைத்தான். வேலையிழந்த தொழிலாளரின் தொகை பல்லாயிரம். வரிப்பணத்திலே நடந்த இவ்வாராய்ச்சி யாருக்காக என்று ஜிம் ஹைட்டவர் 1972இல் ஒரு நூலிலே கேட்டார். 1979இல் தொழிலாளர் சார்பிலே பல்கலைக்கழகத்துக்கு எதிராக வழக்கும் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றத்திலே கிடைத்த வெற்றி 1989இல் மேன்முறையீட்டிலே பறிபோயிற்று. நாம் இயந்திரத்துக்குப் பகைவரல்லர். முதுகொடிக்கும் வேலையை இரும்பு செய்வதை வரவேற்பவர்கள். அந்த இரும்பு எவன் கையில் இருக்கின்றது என்பதுதான் கேள்வி.

மற்றொரு சாட்சி, மண்வெட்டி. அம்மாநிலத்தின் லெற்றூஸ் வயல்களிலே பல தலைமுறைகளாகத் தொழிலாளர் கையில் குட்டைப் பிடி மண்வெட்டியே கொடுக்கப்பட்டது. அதனைப் பிடித்தவன் நாள் முழுவதும் இரண்டாக மடிந்தே நிற்க வேண்டும். நீண்ட பிடி கொடுத்தால் நாற்றுகள் சேதமாகும், விளைச்சல் குன்றும் என்று முதலாளிமார் 'விஞ்ஞானம்' பேசினர். உண்மையில், எவன் நிமிர்ந்து ஓய்வெடுக்கின்றான் என்பதைத் தூரத்திலிருந்தே காண அந்தக் குட்டைப் பிடி கங்காணிக்கு வசதியாயிருந்தது. பிடியின் நீளம் முற்றாக உற்பத்தி நுட்பம் பற்றிய ஒரு விடயம். ஆனால் அதனைத் தீர்த்து வைத்தவை தொழிலாளரின் முறைப்பாடுகளும் வழக்கும் 1975இல் வந்த தடையுமே. தடைக்குப் பின்னர் லெற்றூஸ் செய்கை அழிந்துவிடவில்லை. டெலானோவிலே 1965இல் பிலிப்பைன் தொழிலாளரும் மெக்சிக்கத் தொழிலாளரும் தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தம் ஐந்து வருடம் நீடித்து, 1970இல் கூட்டு ஒப்பந்தங்களைப் பெற்றுத் தந்தது. அது நடந்ததும் இதே பள்ளத்தாக்கிலேதான்.

பெயர்களும் சாட்சி சொல்கின்றன. 1917இன் சட்டத்தால் பாடசாலைகளிலே கமத்தொழிற் கல்வி பரவிய பின்னர், மாணவருக்கென 1928இல் 'அமெரிக்காவின் எதிர்காலக் கமக்காரர்' என்ற சங்கம் தோன்றியது. நீல மேற்சட்டை அதன் அடையாளம். கறுப்பின மாணவர் அதிலே சேர முடியாத மாநிலங்களில் அவர்கள் 'புதிய கமக்காரர்' என்று வேறு சங்கம் அமைத்தனர். 1965இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டபோது மறைந்தது புதிய கமக்காரரின் பெயரும் சின்னமுமே. பெண்களுக்கு 1969 வரை அனுமதியில்லை. 1920இல் ஒன்பது இலட்சத்துக்கும் மேலாயிருந்த கறுப்பினக் கமக்காரரின் தொகை 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே விழுந்து கிடந்தது. 1988இல் அச்சங்கம் 'எதிர்காலக் கமக்காரர்' என்ற சொற்றொடரைத் தன் பெயரிலிருந்து நீக்கி, வெறும் முதலெழுத்துக்களை மட்டும் வைத்துக்கொண்டது. கமத்தொழிற் கல்வி இப்போது பல துறைகளுக்கும் உரியது என்பது சொல்லப்பட்ட காரணம். மாணவருள் பெரும்பாலோர் கமக்காரராகப் போவதில்லை என்ற ஒப்புதல் அதற்குள்ளேயே இருக்கின்றது.

"அப்படியானாலும் வேலையாவது கிடைக்கின்றதே" என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. தகப்பன் குனிந்த வயலிலே மகன் நீர்ப்பாசன நுட்பவியலாளனாக, மருந்து விற்பனையாளனாக, கங்காணியாக நிமிர்ந்து நிற்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய காரியம். அப்பிள்ளையை ஏசுபவன் முற்போக்காளனல்லன். ஆனால் ஒருவன் கங்காணியாவதை ஒரு வர்க்கத்தின் விடுதலை என்று நமக்கு விற்க வேண்டாம். கங்காணி யார் என்பது நமக்குத் தெரியும்.

தெரியும் என்று சொன்னது மலையகத்தை நினைத்து. தேயிலைச் செடியின் கவ்வாத்தையும் கொழுந்தின் பருவத்தையும் தோட்டத் தொழிலாளியை விட நன்கறிந்தவர் இந்நாட்டில் எவர்? பத்திரமின்றி, தலைமுறை தலைமுறையாக, கமத்தொழில் உற்பத்தியைக் கையாலே கற்ற மக்கள் அவர்கள். 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அத்தோட்டங்களை உருவாக்கிய கைகளுக்கு நிலத்தை உரிமையாக்கவில்லை. தேர்ச்சி இருந்தால் நிலம் தானாக வரும் என்பது உண்மையானால், மலையகத்தவர் நிலமற்றவராக இருந்திருக்கமாட்டார்கள்.

"அப்படியானால் கல்லூரி வேண்டாமா?" என்று நண்பர் கேட்பார். வேண்டும். மண் பரிசோதனையோடு காணி உறுதி வாசிக்கவும் கற்பிக்கும் கல்லூரி வேண்டும். டினுபாவும் ஆர்வினும் பாடத்திட்டத்திலே இருக்க வேண்டும். நம் ஊர்களில் இரண்டைத் தெரிந்தெடுத்து மாணவர் தாமே அதுபோல் அளந்து பார்க்க வேண்டும். பண்ணைக் கணக்கிலே குத்தகையின் நியாயமும் விசாரிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்திரத்தோடு வெளியேறும் மாணவர் கூட்டாகப் பயிரிடுவதற்கு அரச காணியிலே நீண்டகாலக் குத்தகை உரிமை, பாடநெறியின் ஒரு பகுதியாகவே எழுதப்பட வேண்டும். காணி இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். இந்நாட்டு நிலத்தின் மிகப் பெரும்பகுதி அரசின் கையிலேயே இருக்கின்றது.

இந்நிபந்தனைகளை ஏற்கும் கல்லூரியொன்று கிளிநொச்சியிலோ ஹற்றனிலோ எழுமாயின் கல் சுமக்க நாமும் வருவோம். நண்பருக்கு இக்கட்டுரையின் பிரதியொன்றை அனுப்பியிருக்கின்றோம். அவருடைய மறுமொழியை இதே பக்கங்களில் வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம்.